ராணியைத் தேர்ந்தெடுக்கலாம், மாப்பிள்ளைகளை?

ராணித் தேனீ தபாலில் வரும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது சர்வசாதாரணம். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கூண்டு, அதற்குள் ஒரு ராணி, கூடத் துணைக்கு ஐந்தாறு வேலைக்காரத் தேனீக்கள், வழியில் தின்னச் சர்க்கரை உருண்டை. தேனீப் பெட்டியில் இருக்கிற கிழட்டு ராணியை எடுத்துவிட்டு இவளை உள்ளே விட்டால், இரண்டு மாதத்துக்குள் அந்தப் பெட்டியே வேறு குடும்பமாகிவிடும். கோடையில் ஒரு வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஆறு வாரம்தான் என்பதால், பழைய ராணியின் பிள்ளைகள் சாகச் சாகப் புது ராணியின் பிள்ளைகள் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறார்கள்.

அப்படியென்றால் நல்ல ராணி எங்கே விற்கிறதோ அங்கே வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? அயர்லாந்துத் தேனீ வளர்ப்பாளர்கள் சிலர் இதற்கு நேர் எதிரான வழியில் போனார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்பதைவிட, எப்படிப் போனார்கள் என்பதுதான் எனக்கு சுவாரஸ்யம்.

அயர்லாந்தின் சொந்தத் தேனீ கறுப்பு நிறம், நீள முடி, கொஞ்சம் கட்டையான உடம்பு. ஜூன் மாதத்தில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் இதன் ராணி முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்வாள். இத்தாலியிலிருந்து வாங்கிவந்த மஞ்சள் ராணிக்கு அந்தக் கணக்கு தெரியாது; வெளியே வெயில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு முட்டையிட்டுத் தள்ளுவாள், அத்தனை வாய்க்கும் பெட்டியில் இருக்கிற தேன் போதாமல் போய்விடும். அவள் தாய்நாட்டில் அதே குணம்தான் வரம். 2009 முதல் 2012 வரை ஐரோப்பாவில் 11 நாடுகளில் 621 பெட்டிகளை வைத்து, மருந்தே போடாமல் ஒரு சோதனை நடத்தினார்கள். 16 வகைப் பூர்வீகம் கொண்ட தேனீக்கள், 21 இடங்கள். அந்தந்த ஊர்த் தேனீ வெளியூர்த் தேனீயைவிடச் சராசரியாக 83 நாள் கூடுதலாகப் பிழைத்திருந்தது. 83 நாள் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கலாம். ஆனால் குளிர்காலத்தைத் தாண்டுகிற குடும்பத்துக்கும் தாண்டாத குடும்பத்துக்கும் நடுவில் அவ்வளவுதான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐல் ஆஃப் வைட் தீவில் கிளம்பிய ஒரு கொள்ளைநோய் பிரிட்டன் முழுக்கப் பரவிப் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. கறுப்புத் தேனீ அழிந்தே போனது என்று முடிவுகட்டி வெளிநாட்டிலிருந்து ராணிகளை இறக்கினார்கள். அது அழியவில்லை, கலப்பாகித் திரிந்தது. அயர்லாந்தில் அதிகமாகவே மிஞ்சியிருந்தது. 1991-இல் டிப்பரரி பக்கம், கால்டீ மலையடிவாரத்துப் பள்ளத்தாக்கில் பெட்டி வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடி, இந்தக் கறுப்புத் தேனீயையே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது என்று இறங்கினார்கள்.

ஏன் ஒன்றுகூட வேண்டும்? ஒருவர் தன் தோட்டத்தில் தனியாகச் செய்தால் என்ன? மாட்டிலும் நெல்லிலும் இல்லாத தொல்லை இங்கேதான் வருகிறது.

கன்னி ராணி பெட்டிக்குள் கூடுவதே இல்லை. பிறந்து ஒரு வாரம் போல ஆனதும், வெயில் உள்ள ஒரு மத்தியானத்தில் வெளியே பறந்து, சில கிலோமீட்டர் தள்ளி, தரையிலிருந்து 10 முதல் 40 மீட்டர் உயரத்தில் ஆண் தேனீக்கள் திரண்டு சுற்றுகிற ஓர் இடத்துக்குப் போகிறாள். வருஷா வருஷம் அதே இடம். போன வருஷத்து ஆண்களில் ஒன்றுகூட உயிரோடு இல்லாதபோது இந்த வருஷத்து ஆண்களுக்கு அந்த இடம் எப்படித் தெரிகிறது என்பதே தனிக் கதை. ராணி நுழைந்ததும் வால்நட்சத்திரம் மாதிரி ஒரு கும்பல் பின்னால் நீள்கிறது. முதலில் எட்டிப் பிடித்த ஆண் கூடி முடித்த கணமே உறுப்பு பிய்ந்து, ‘டப்’ என்று சத்தம் கேட்கச் செத்து விழுகிறான். அடுத்தவன் வருகிறான். இப்படிப் பத்து இருபது பேர். அவள் வாழ்நாளுக்கான விந்து முழுவதும் அந்த ஓரிரு பயணத்தில் சேர்ந்துவிடும். ஐம்பது லட்சம் அணுக்களைப் பையில் சேமித்துக்கொண்டு மூன்று நான்கு வருஷம் செலவழிப்பாள்.

ஜெர்மனியில் இப்படியொரு கூடலிடத்தில் ஆண் தேனீக்களைப் பிடித்து மரபணுவைப் பார்த்தபோது, சுமார் 240 குடும்பங்களிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஆக நீங்கள் பத்து வருஷம் உழைத்து அருமையான ராணியை வளர்த்தாலும், அவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது நீங்கள் இல்லை, ஆகாயம்தான். பக்கத்து ஊரில் ஒருவர் தபாலில் இத்தாலிய ராணி வாங்கினால் அவருடைய ஆண்களும் அந்தக் கும்பலில் இருப்பார்கள். கலப்பின் முதல் தலைமுறை நன்றாகத் தேன் சேர்க்கும். அடுத்த தலைமுறையில் கொட்டுகிற குணம் தலைக்கேறும் என்பது அங்கே பெட்டி வைத்திருக்கிறவர்களின் பொதுவான புலம்பல்.

சரி, வழி என்ன? இங்கேதான் தேனீயின் விசித்திரமான வம்சக் கணக்கு கைகொடுக்கிறது. ராணி கருவுறாத முட்டையிட்டால் ஆண், கருவுற்ற முட்டையிட்டால் பெண். ஆண் தேனீக்கு அப்பா கிடையாது. தாத்தா மட்டும் உண்டு. இதை இரண்டு தரம் படித்துப் பாருங்கள், ஏனென்றால் முழுத் தந்திரமும் இதில்தான் இருக்கிறது. நல்ல ராணியின் மகள் ஒருத்தி வானத்தில் யாரோ பதினைந்து பேரோடு கூடிவிட்டு வந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பெறுகிற வேலைக்காரத் தேனீக்கள் கலப்புதான். ஆனால் அவள் பெறுகிற ஆண்களில் அந்தப் பதினைந்து பேரின் ரத்தம் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அத்தனையும் அம்மா வழிச் சுத்தம்.

ஆகவே நல்ல ராணியின் மகள்களைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் பள்ளத்தாக்கு முழுவதும் உள்ளவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த வருஷம் அந்த மகள்கள் யாரோடு கூடினாலும் பரவாயில்லை. அடுத்த வருஷம் அவர்கள் எல்லாருடைய பெட்டிகளிலிருந்தும் கிளம்புகிற ஆண்கள் கறுப்பு வம்சம். அப்புறம் வளர்க்கிற ராணிகள் எந்தப் பக்கம் பறந்தாலும் சந்திப்பது பெரும்பாலும் நம் பிள்ளைகளைத்தான். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ராணியைச் சும்மா கொடுப்பது தர்மம் மாதிரி தெரியும். உண்மையில் அது தன் பேத்திகளுக்கு மாப்பிள்ளை வளர்க்கிற வேலை.

வேலை எப்படி நடக்கும்? பிறந்து ஒரு நாள்கூட ஆகாத புழு, காற்புள்ளி அளவுக்கு, அடையின் அறைக்கு அடியில் அரசக் கூழ் (புழுவுக்குத் தேனீக்கள் சுரந்து ஊட்டுகிற பால் மாதிரியான உணவு) சொட்டில் மிதந்துகொண்டிருக்கும். அதை நுனி வளைந்த மெல்லிய கருவியால், புரட்டிவிடாமல், கிடந்த வாக்கிலேயே தூக்கி மெழுகுக் கிண்ணத்தில் இறக்க வேண்டும். புரண்டால் மூச்சுத் துளை கூழில் அடைபட்டுச் செத்துவிடும். முதல் தடவை செய்கிறவர்களுக்குப் பாதிக்குமேல் போய்விடும். கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் கஷ்டம். இந்தக் கிண்ணங்களை ராணி இல்லாத ஒரு பெட்டியில் வைத்தால், அங்குள்ள தேனீக்கள் பதறிப்போய் அத்தனை புழுவுக்கும் அரசக் கூழை ஊட்டி ராணியாக்கும். முட்டையிட்ட நாளிலிருந்து பதினாறாம் நாள் ராணி வெளியே வருவாள். அதற்கு ஓரிரு நாள் முன்னால், மூடிய அறையோடு வெட்டி எடுத்து, குலுங்காமல், கதகதப்பாக வைத்து அவரவர் கொண்டுபோவார்கள்.

ஆண்களுக்கோ முட்டையிட்ட நாளிலிருந்து வெளியே வர 24 நாள், அப்புறம் வயசுக்கு வர இன்னும் பன்னிரண்டு நாள். ஆகையால் மாப்பிள்ளைகளைப் பெண்ணுக்கு இரண்டு வாரத்துக்குமேல் முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்த பிறகு மூன்று நான்கு வாரம் மழை விடாமல் அடித்தால் கன்னி ராணி பறக்க முடியாமல் காலம் கடந்துபோய், ஆண் முட்டை மட்டுமே இடுகிறவளாகிவிடுவாள். அந்தப் பெட்டி அவ்வளவுதான்.

சுத்தமா கலப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இறக்கையை வைத்து. ஒரு பெட்டியிலிருந்து முப்பது நாற்பது தேனீக்களின் முன்னிறக்கையைக் கத்தரித்து ஸ்கேனரில் வைத்து, இறக்கை நரம்புகளுக்கு நடுவில் உள்ள ஒரு குறிப்பிட்ட கட்டத்தின் ஓரத்தில் அடுத்தடுத்து வருகிற இரண்டு நரம்புத் துண்டுகளின் நீளத்தை அளந்து வகுப்பார்கள். கறுப்புத் தேனீக்கு விடை பெரும்பாலும் 2-க்குக் கீழே, இத்தாலியத் தேனீக்கு மேலே. இறக்கையும் பொய் சொல்லும் என்பதால் இப்போது மரபணுச் சோதனையும் உண்டு. அப்படிப் பார்த்தபோது, அயர்லாந்தில் சோதித்த தேனீக்களில் பெரும்பாலானவை சுத்தக் கறுப்பு வம்சமாகவே இருந்தன. இதோடு ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை: கொட்டுகிறதா, அடைச் சட்டத்தைத் தூக்கினால் ஓடுகிறதா, பிரிந்து போகப் பார்க்கிறதா, குளிர்காலத்தில் எவ்வளவு தேன் தின்றது.

சுத்தம் சுத்தம் என்று ஒரே ராணியின் வாரிசுகளையே பெருக்கினால் இன்னொரு குழி காத்திருக்கிறது. தேனீயில் ஆணா பெண்ணா என்பதை ஒரு மரபணு தீர்மானிக்கிறது. அதன் இரண்டு பிரதிகளும் வேறு வேறாக இருந்தால் பெண். கருவுற்ற முட்டையில் இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால் அது உதவாத ஆண். வேலைக்காரத் தேனீக்கள் அதை மோப்பம் பிடித்துப் புழுவிலேயே தின்றுவிடும். அடையைத் தூக்கிப் பார்த்தால் நடுநடுவே பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்ததற்கு அடையாளம். பத்துப் பெட்டி வைத்திருக்கிற ஒருவரால் இதைத் தவிர்க்க முடியாது. நூற்றுக்கணக்கான பெட்டிகள் பல கைகளில் இருந்து, புழுவையும் ராணியையும் மாற்றிக்கொண்டால்தான் வகை குறையாமல் இருக்கும்.

1998-இல் தேனீயின் உடம்பில் ஒட்டி வாழ்கிற வரோவா உண்ணி அயர்லாந்துக்குள் வந்தபிறகு அட்டையில் இன்னொரு கட்டம் சேர்ந்தது: பெட்டிக்கு அடியில் தட்டு வைத்து விழுந்த உண்ணிகளை எண்ணுவது. உண்ணியின் காலைக் கடித்துத் துப்புகிற குடும்பமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வேலை அமெரிக்காவில் இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்திருக்கிறது. அந்த உண்ணிகளை உருப்பெருக்கியில் பார்த்தால் எட்டுக் கால்களில் ஒன்றிரண்டு குறைந்திருக்கும். நம்மூர் அடுக்குத் தேனீயைக் கேட்டால் சிரிக்கும். இந்த உண்ணி ஆதியில் அதன் இனத்தில்தான் ஒட்டி வாழ்ந்தது. ஒன்றையொன்று துடைத்துவிட்டு, கடித்துத் தள்ளி, உண்ணியை ஆண் புழு அறைகளுக்குள் மட்டும் இனம்பெருக்க விட்டு, அது எப்போதோ சமாதானத்துக்கு வந்துவிட்டது.

அதற்கும் அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 1991, 92-இல் புழு பையில் நீர் கட்டிய மாதிரி ஊதிச் சாகிற தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, மார்த்தாண்டம் பக்கம் வரிசை வரிசையாகப் பெட்டிகள் காலியாயின. தப்பிப் பிழைத்த குடும்பங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் மறுபடி எழுந்தது. அதில் அட்டையும் இல்லை, ஸ்கேனரும் இல்லை. தேர்வை நோயே செய்துவிட்டது. மாப்பிள்ளைக் கணக்கு மட்டும் அங்கேயும் இதேதான். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது (ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இளந்துளிரின் இலைக் காம்பில் சுரப்பது) பல பேருடைய பெட்டிகள் தோட்டங்களில் வந்து இறங்கும். மேலே பறக்கிற ஆணுக்கு எது யார் வீட்டுப் பெட்டி என்று தெரியாது.