விடுதி நெட்வொர்க்கில் கோப்புப் பகிர்வு: மூடுவதா, முறைப்படுத்துவதா?

பெங்களூருவில் பொறியியல் கல்லூரிகளின் நெட்வொர்க்கைப் பராமரிப்பது என் தொழில். சென்ற ஆண்டு, விடுதியில் வைஃபை மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்காக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தபோது, என் மடிக்கணினியை விடுதி இணைப்பில் சேர்த்து, விண்டோஸில் ‘நெட்வொர்க்’ என்பதைத் திறந்து பார்த்தேன். பதினான்கு கணினிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அவற்றுள் ஒன்று கடவுச்சொல் எதுவும் கேட்காமலேயே திறந்துகொண்டது. பாடக் குறிப்புகளுக்கு நடுவே ஆதார் அட்டையின் நகலும், தந்தையின் வருமானச் சான்றிதழும், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கமும் கிடந்தன. கணினிக்கு உரியவர் ஓசூரிலிருந்து வந்து படிக்கும் மாணவர். அழைத்துக் காட்டியதும் முகம் வாடிப்போய், “சார், ரூம்மேட்டுக்கு லேப் ரெக்கார்ட் கொடுக்கத்தான் ஷேர் போட்டேன், அவனுக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

இதைக் கேள்விப்பட்ட நிர்வாகம், விடுதியில் கோப்புப் பகிர்வு முழுவதையும் அடைத்துவிடும்படி என்னிடம் சொன்னது. நான் அதை ஏற்கவில்லை. வளாகத்துக்குள் மாணவர்கள் ஒருவருக்கொருவர் கோப்பு கொடுத்துக்கொள்வதும், பலரின் கணினிகளிலிருந்து கோப்பைத் துண்டு துண்டாக எடுக்கும் டொரண்ட் முறையில் வெளியிலிருந்து திரைப்படமும் மென்பொருளும் இறக்குவதும் வெவ்வேறு செயல்கள். இரண்டையும் ஒரே பூட்டால் பூட்டுவதுதான் பல கல்லூரிகள் செய்யும் தவறு என்று கருதுகிறேன்.

உள்பகிர்வை அடைத்தால் பகிர்வு நின்றுவிடாது, கண்ணுக்குத் தெரியாத வழிக்கு மாறிவிடும். லேப் ரெக்கார்டும் பழைய வினாத்தாளும் பென்டிரைவில் ஏறி, கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய், அங்கிருந்து கோப்புறைகளையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் வைரஸோடு ஆய்வகக் கணினிக்குத் திரும்புவதை ஒவ்வொரு செமஸ்டரிலும் பார்க்கிறேன். செலவுக் கணக்கும் இருக்கிறது. ஏறத்தாழ 5 ஜி.பி. அளவுள்ள உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவல் கோப்பை அறுபது பேர் தனித்தனியாக இறக்கினால் கல்லூரியின் இணைய இணைப்பில் 300 ஜி.பி. கரைகிறது, அதே கோப்பு வளாகத்துக்குள் ஒரு சர்வரில் இருந்தால், 1 ஜிகாபிட் கேபிள் இணைப்பில் ஒரு மாணவருக்கு ஓரிரு நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடும், வெளி இணைப்புக்கு எந்தச் சுமையும் இருக்காது.

இருந்தாலும், அவரவர் கணினியிலேயே ‘எல்லோருக்கும்’ என்று ஷேர் போட்டுக்கொள்ளும் இப்போதைய பழக்கத்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ், விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான், அந்தப் பகிர்வுக்கான 445ஆம் எண் போர்ட் என்ற இணைப்பு வாயிலில், கணினிவிட்டுக் கணினி தாவியது. மைக்ரோசாப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டன, திறக்கப் பணம் கேட்கப்பட்டது. யாரும் எதையும் சொடுக்க வேண்டிய தேவைகூட அதற்கு இருக்கவில்லை. விடுதியும் கணக்குப் பிரிவும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கல்லூரிகளை இன்றும் பார்க்கிறேன் என்பதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

டொரண்ட் விஷயத்தில் மாணவர்கள் தெரிந்துகொள்ளாத ஒன்று உண்டு: இறக்கிக்கொண்டிருக்கும்போதே, கையில் வந்த துண்டுகளை அது மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. ஆகவே ‘நான் பார்க்க மட்டும்தான் எடுத்தேன்’ என்ற விளக்கம் எடுபடாது. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயம் இல்லாதபோது இதைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமிருக்கிறது. விடுதியில் நூற்றுக்கணக்கானோர் கல்லூரியை இணையத்தில் அடையாளம் காட்டும் ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் இருப்பதால், நோட்டீஸ் முதலில் கல்லூரிக்குத்தான் வரும்.

அதே சட்டம் படிப்புக்கு வாசலைத் திறந்தும் வைத்திருக்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது; தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்போர்டு உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு விரிவாகவே பொருள் கொண்டது. ஒரு நாவல் முழுவதையும் பகிரலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பகிர்வதற்குக் கல்லூரி நடுங்கத் தேவையில்லை என்பதே நான் சொல்ல வருவது.

மேற்சொன்ன கல்லூரியில் கடைசியில் நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு டெஸ்க்டாப்பில் 4 டி.பி. டிஸ்க் போட்டு, நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை நிறுவி, அவரவர் பதிவெண்ணோடு நுழையும்படி அமைத்தோம். மாணவர் கணினிகள் வைஃபையில் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரித்தோம், அலுவலக நெட்வொர்க்கைத் தனியாக்கினோம், டொரண்டை அடைத்தோம். லினக்ஸ் கோப்புகளுக்காக டொரண்ட் கேட்டவர்களுக்கு அவற்றை நாங்களே இறக்கி சர்வரில் வைத்துவிட்டோம்.

“அதில் யாராவது தகாததை ஏற்றிவிட்டால் யார் பொறுப்பு?” என்று கல்லூரி முதல்வர் கேட்டார். நியாயமான கேள்வி. யார், எந்த நேரத்தில், எதை ஏற்றினார் என்பது இந்த சர்வரில் பதிவாகிறது. புகார் வந்த அன்றே கோப்பை நீக்கும் பொறுப்பு எழுத்துபூர்வமாக ஒரு விரிவுரையாளரிடம் தரப்பட்டிருக்கிறது. பென்டிரைவில் போகும் கோப்பைப் பற்றி இந்தக் கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது என்று முதல்வரிடம் கூறினேன். அதன் பிறகே அவர் கையெழுத்திட்டார்.