கேம், ஸ்ட்ரீமிங், எடிட்டிங்: கொட்டேஷனில் எழுதாத அந்த ஒரு பாகம்

என் சித்தி மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கேம் விளையாட வேண்டும், விளையாடுவதை யூடியூபில் லைவாகக் காட்ட வேண்டும், அப்புறம் அதையே எடிட் செய்து வீடியோவாகப் போட வேண்டும், இத்தனைக்கும் ஒரே கம்ப்யூட்டர், கையில் 60,000 ரூபாய். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் எழுதி வாங்கிய கொட்டேஷனைக் கொண்டுவந்து நீட்டினான். இன்டெல் ஐ5 12400எஃப் ப்ராசஸர், ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக, கேள்விப்படாத பெயரில் ஒரு எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி.

"இது போதுமா அண்ணா?" என்றான். கேமுக்குச் சமாளிக்கும். ஆனால் இந்தப் பட்டியலில் எங்கே தேடினாலும் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே இருக்கும் சர்க்யூட் ஒன்றுகூடக் கிடையாது. அவனுடைய மூன்று வேலையில் இரண்டு அதை நம்பித்தான் இருக்கின்றன.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்று வைத்தால் ஒரு படம் ஏறக்குறைய 6.2 எம்பி, நொடிக்கு 60 படம் என்றால் 373 எம்பி. லைவ் அனுப்பும்போது நாம் வழக்கமாக வைப்பதோ நொடிக்கு 6 மெகாபிட், அதாவது முக்கால் எம்பி. கிட்டத்தட்ட 500இல் ஒரு பங்காக அதைச் சுருக்கியாக வேண்டும், அதுவும் விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே.

எப்படிச் சுருக்குகிறது? எச்.264 முறையில் படத்தை 16க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, இந்தக் கட்டத்தில் இருப்பது முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று அக்கம்பக்கத்தில் தேடிப் பார்க்கும். கிடைத்துவிட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது, மிச்சம் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் எழுதிவைத்தால் போதும், முழுப் படம் தேவையில்லை. ஒரு ஃபுல் எச்டி படத்தில் இப்படி 8,160 கட்டங்கள், நொடிக்கு 60 படம் என்றால் நாலே முக்கால் லட்சத்துக்கும் மேல், ஒவ்வொரு கட்டத்துக்கும் பல ஒப்பீடுகள்.

இதை ப்ராசஸரும் செய்யும், நன்றாகவே செய்யும். ஆனால் அதே நேரத்தில் கேமும் அதே ப்ராசஸரைத்தான் கேட்கிறது. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான், அதற்குள் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்றெல்லாம் ப்ராசஸர் கணக்குப் பார்த்துக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்தால்தான் அது வரைய முடியும். நடுவில் சுருக்கும் வேலையும் வந்து குறுக்கே நின்றால் படம் தாமதமாகும், விளையாடுபவன் கையில் லேக் தெரியும். கத்தியால் தேங்காயைக் கீறிக் கீறிப் பொடியாக்கிவிட முடியும்தான், ஆனாலும் வீட்டில் துருவலுக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறோம் இல்லையா, அப்படித்தான் இந்த வேலைக்கென்று சிப்புக்குள்ளேயே ஒரு சின்னச் சர்க்யூட்டை வைத்தார்கள். இன்டெல் 2011இல் குவிக் சிங்க் என்ற பெயரில் கொண்டுவந்தது, என்விடியா 2012இல் என்விஎன்க் என்று கொண்டுவந்தது. கேம் வரையும் பகுதி வேறு, இது வேறு, அதனால் கேமின் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

இப்போது அந்தக் கொட்டேஷனைத் திரும்பப் பாருங்கள். குவிக் சிங்க் இருப்பது ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில், பெயரின் கடைசியில் எஃப் என்று வந்தால் அந்தப் பகுதி கிடையாது என்று அர்த்தம். 6500 எக்ஸ்டி கார்டிலோ சுருக்கும் சர்க்யூட்டையே ஏஎம்டி வைக்கவில்லை. இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் பட்ஜெட்டுக்கு ஏற்ற பாகங்கள்தான், சேர்ந்தபோதுதான் ஓட்டை விழுந்தது.

நான் மாற்றி எழுதியது எஃப் இல்லாத 12400, கூடவே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி. செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 2060 நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் சரி. ஆனால் ஜிடிஎக்ஸ் 1650 வாங்குபவர்கள் கவனம், டூரிங் என்ற கார்டு தலைமுறையில் என்விடியா தன் என்கோடரை, அதாவது அந்தச் சுருக்கும் சர்க்யூட்டை, நன்றாக மேம்படுத்தியபோதும் முதலில் வந்த 1650இல் பழைய என்கோடரைத்தான் போட்டிருந்தார்கள்.

இப்படி வாங்கினால் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு என்கோடர்கள். லைவை என்விஎன்க் பார்த்துக்கொள்ளும், எடிட்டிங்குக்கான ரெக்கார்டிங்கை இன்னும் அதிக பிட்ரேட்டில் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவு) குவிக் சிங்க்கிடம் கொடுக்கலாம். யூடியூபுக்குப் போன 6 மெகாபிட் வீடியோவை இறக்கி எடிட் செய்து மறுபடி ஏற்றினால், ஏற்கெனவே நசுங்கியதை இன்னொரு முறை நசுக்குவதுதான், புல்வெளியெல்லாம் குழைந்த களி மாதிரி ஆகிவிடும். அப்புறம் லைவுக்கும் ரெக்கார்டிங்குக்கும் பயன்படுத்தும் ஓபிஎஸ் மென்பொருளில் ரெக்கார்டிங்கை எம்கேவி வடிவத்தில் வையுங்கள். சாதாரண எம்பி4 என்றால் பாதியில் கரண்ட் போனால் மொத்த ஃபைலும் திறக்காமல் போகும், எம்கேவி அதுவரை பதிவானதைக் காப்பாற்றும்.

எடிட்டிங்கில் ஏன் டைம்லைன் இழுக்கும்போது திக்குகிறது என்பதும் இதே விஷயம்தான். சுருக்கிய வீடியோவில் முழுப் படம் எப்போதாவதுதான் வரும், ஸ்ட்ரீமிங்கில் வழக்கமாக 2 நொடிக்கு ஒன்று. நடுவில் ஒரு இடத்தில் கிளிக் செய்தால் முந்தைய முழுப் படத்திலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அவிழ்த்துப் பார்த்துத்தான் அந்த ஒன்றைக் காட்ட முடியும். பின்பக்கமாக இழுத்தால் கேட்கவே வேண்டாம். அவிழ்க்கவும் அதே சிப்பில் சர்க்யூட் இருக்கிறது, அதுவும் போதாத இடத்தில் எடிட்டிங் மென்பொருளில் ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்யும்போது மட்டும் பயன்படும் லேசான நகல், போட்டுக்கொள்ளுங்கள், காசு செலவில்லை. கடைசி எக்ஸ்போர்ட்டை மட்டும் அவசரமில்லை என்றால் ப்ராசஸரிடமே விடலாம், நேரம் எடுத்தாலும் அதே அளவு ஃபைலில் படம் இன்னும் தெளிவாக வரும்.

ராம் 16 ஜிபியே இருக்கட்டும், ஆனால் 8 வீதம் இரண்டு ஸ்டிக். டிடிஆர்4 3200 என்றால் ஒரு ஸ்டிக்கில் நொடிக்கு 25.6 ஜிபி போகும், இரண்டை இரு சேனலில் போட்டால் 51.2. நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும், மதர்போர்டு புத்தகத்தில் இருக்கும். எஸ்எஸ்டி என்விஎம்ஈ போதும், பழைய வீடியோக்களுக்கு ஹார்ட் டிஸ்க்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் பழைய கம்ப்யூட்டரில் மலிவான எஸ்எம்பிஎஸ் ஒன்று ஒரு மதியம் பட்டென்று வெடித்து மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போனது, அந்தக் கருகல் வாசனை அறையில் இரண்டு நாள் இருந்தது. 3050 கார்டுக்கு 130 வாட், ப்ராசஸர் முழு மூச்சில் 117 வாட், மொத்தம் 247, நல்ல கம்பெனியின் 500 வாட் தாராளம். ஸ்டிக்கரில் 600 என்று போட்டுத் தூக்கினால் காகிதம் போல இருக்கும் பெட்டி வேண்டாம்.

அசெம்பிள் செய்த அன்று ஓபிஎஸ்ஸில் குவிக் சிங்க் என்ற தேர்வே வரவில்லை, தம்பியின் முகம் வாடிவிட்டது. கார்டு போட்டதும் மதர்போர்டு ப்ராசஸரின் கிராபிக்ஸை அணைத்துவைத்திருந்தது. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் அதை இயக்கிவிட்டு, கேமை 60 ஃப்ரேமுக்குப் பூட்டிவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். இரண்டு சிப்பிலும் வீடியோ என்கோட் கோடு மெல்ல ஏறி நின்றது, அவன் கேம் சத்தத்தைக் கூட்டினான்.