காஸ்பருக்கு ஏன் முகபாவம் இவ்வளவு குறைவு?

காஸ்பரை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சின்னப் பையன் அளவில் உட்கார்ந்திருக்கும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உதவும் ஒரு ரோபோ. அதன் ரப்பர் முகம், உயிர்காப்புப் பயிற்சிக்கு வைத்திருப்பார்களே, அந்தக் குழந்தை பொம்மையினுடையது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் டாட்டன்ஹான் குழுவினர் 2005 வாக்கில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். இன்னும் உயிரோட்டமான முகம் வைத்திருக்கலாமே என்று தோன்றும். வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

நாம் பேசும்போது புருவம், கண், உதட்டோரம், குரல் எல்லாமே நொடிக்கு நொடி மாறுகின்றன. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு (எல்லோருக்கும் அல்ல) இது ஒரே அறையில் பத்து ரேடியோ ஓடுவது மாதிரி. காஸ்பரிடம் அந்த இரைச்சல் இல்லை. நூறாவது முறையும் அதே சிரிப்பு, அதே குரல், சலிப்பே கிடையாது.

பாதத்தில் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும். அடித்தால், தோலில் பதித்த உணரிகள் அதை உணர்ந்து, வலிக்கிறது என்று சொல்லிக் கைகளால் முகத்தை மூடிக்கொள்ளும். கூடப் படிக்கும் பையனை அடித்தால் அவன் அழலாம், திருப்பி அடிக்கலாம், ஓடலாம். இங்கே ஒரு செயலுக்கு ஒரே விளைவுதான். அப்போது பக்கத்தில் இருக்கும் தெரபிஸ்ட், மெதுவாகத் தொடுவது எப்படி என்று காட்டித் தருவார்.

இன்னொன்று, காஸ்பர் செய்வதில் நிறைய ரிமோட் வேலை, கிட்டத்தட்ட பொம்மலாட்டம்தான். சில விளையாட்டுகளில் அந்த ரிமோட்டைக் குழந்தையிடமே கொடுத்துவிடுவார்கள், ஒரு குழந்தை ரோபோவை ஆட்ட, இன்னொரு குழந்தை அதைப் பார்த்து அப்படியே செய்யும், இப்படி விளையாடும்போது இரண்டு குழந்தைகளும் ஒருவரையொருவர் கவனிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, பலன் உண்டா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஸ்கேசலாட்டி குழுவினர் ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளின் வீட்டில், தானாகவே இயங்கும் வேறொரு ரோபோவை (காஸ்பர் அல்ல) ஒரு மாதம் வைத்து, தினமும் அரைமணி நேரம் விளையாட வைத்தார்கள். முடிவுகள் 2018இல் வெளியாயின. அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும், ரோபோ அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும், குழந்தையின் கண்ணும் அந்தப் பக்கம் போகும். ரோபோ இல்லாமல் மனிதர்களோடு சோதித்தபோதும் குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இது ரொம்பச் சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க ரோபோ இல்லாத தனிக் குழுவும் கிடையாது. அப்புறம், ரோபோவை எடுத்துப்போய் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், கிடைத்த முன்னேற்றத்தில் கொஞ்சம் கரைந்துபோயிருந்தது.