நேர்வாள எண்ணெயும் பல்செட் புண்ணும்

"மாமியாருக்குப் பல்செட் போட்டு 12 வருஷமாச்சு. கீழ் ஈறில் ஒரே இடம் புண்ணாகுது, ஆறுது, திரும்பப் புண்ணாகுது. புற்று வருமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பல் போனபின் தாடை எலும்பு வருடா வருடம் கரையும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை அதிகமாக. பல்செட்டோ போட்ட நாளின் அளவிலேயே இருக்கும். அப்புறம் அது ஆடும், ஓரம் குத்தும்.

குத்துவதால் மட்டும் புற்று வருமா? இதற்கு வெளிச்சம் காட்டியது நம் நாட்டு மருந்துக்கடையில் பேதிக்குக் கிடைக்கும் நேர்வாளம் என்ற விதை. 1940களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஐசக் பெரன்பிளமும் உடன் இருந்தவர்களும் சுண்டெலியின் தோலில் புற்றூக்கி (புற்றை உண்டாக்கும் ரசாயனம்) ஒன்றை ஒரே ஒரு முறை, கொஞ்சமாகத் தடவினார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. அதே இடத்தில் நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவியதும் கட்டிகள் முளைத்தன. நடுவே பல வாரம் இடைவெளி விட்டாலும் முளைத்தன! நேர்வாளத்தை முதலில் தடவி, புற்றூக்கியைப் பிறகு தடவினால் முளைப்பதில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத சோதனை இது. புற்றூக்கியால் டிஎன்ஏவில் விழுந்த கீறல் அழியாமல் காத்திருக்கிறது. நேர்வாள எண்ணெய் தரும் எரிச்சல் அந்தச் செல்லைப் பெருக வைக்கிறது.

புகையிலை, பாக்கு, மது எல்லாம் கீறலைப் போடுபவை. பல்செட்டின் ஓரம் பெரும்பாலும் நேர்வாளத்தின் வேலையைச் செய்கிறது. புண்ணை மூட உடல் "பெருகு" என்று சுற்றியுள்ள செல்களுக்கெல்லாம் சொல்கிறது. கெட்டுப்போன செல்லும் அதைக் கேட்கிறது. புண் மூடியதும் அந்தக் கட்டளை நிற்க வேண்டும். மறுநாள் காலை பல்செட் ஏறியதும் புண் திறந்துகொள்கிறது.

ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகின்றன: சரியாகப் பொருந்திய பல்செட்டைவிட, பொருந்தாத பல்செட்டுக்கே வாய்ப்புற்றோடு நெருக்கமான தொடர்பு தெரிகிறது. ஆனால் புற்று வீங்கியதாலும் பல்செட் பொருந்தாமல் போயிருக்கலாம். இதைப் பிரித்தறியப் பல்செட் போட்டவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்க வேண்டும். அந்த மாதிரி மெதுவான ஆய்வுக்கு இங்கே பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பேன்.

வாசகிக்குச் சொல்வது: ஓரத்தை வீட்டில் அரம் வைத்துத் தேய்க்காதீர்கள், பஞ்சு வைத்து ஒட்டாதீர்கள். பல்செட்டைக் கழற்றி வையுங்கள். வாயின் தோல் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்குள் ஆறாத புண்ணைச் சதை எடுத்துச் சோதித்தாக வேண்டும். "கத்தி பட்டால் பரவிடும்" என்று சொல்லித் தடுப்பவர்களைக் கேட்காதீர்கள். அந்தப் பயத்தில் தள்ளிப்போடும் மாதங்களில்தான் புற்று கழுத்து நெறிக்கட்டிக்குப் போய்ச் சேர்கிறது. மருத்துவரிடம் போகும்போது பல்செட்டையும் கையோடு கொண்டுபோங்கள். புண் இருக்கும் இடமும் பல்செட்டின் ஓரமும் ஒத்துப்போகின்றனவா என்று அவர் வைத்துப் பார்ப்பார்.