‘ரொம்ப அமைதி’ என்று சொல்வதற்கு முன்

ஆலோசனைக்கு வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். அந்தக் குறிப்பேடுகளில் அடிக்கடி வரும் சொல் ‘அமைதி’. “ரொம்ப அமைதியான பொண்ணு, ஒரு தொந்தரவும் கிடையாது.” “ஆறு மாசமா அமைதியாயிட்டான்.” “அப்பா இப்பல்லாம் அமைதியா ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிறார்.” மூன்று குடும்பங்கள், ஒரே சொல். அந்தப் பெண் குழந்தைக்கு இருந்தது கடுமையான பதற்றம். அந்தப் பையனுக்கு மனச்சோர்வு. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பேச்சில்லாத நிலையைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நிசப்தம் என்றால் ஓசை இல்லாமை. அது இடத்துக்கும் நேரத்துக்கும் உரியது. மௌனம் என்பது முனி என்ற சொல்லோடு உறவுள்ளது. பேசக்கூடிய ஒருவர் பேசாமல் இருப்பது அது. அதனால்தான் மௌனத்தைக் ‘காக்கிறோம்’, ‘கலைக்கிறோம்’. சில நேரம் ‘சாதிக்கிறோம்’. வாயடைத்துப்போவது வேறு. பேச நினைத்தும் முடியாமல் போவது. அமைதியோ அமைதல் என்ற வினையிலிருந்து வந்தது. பொருந்துவது, அடங்கி நிலைகொள்வது. இலக்கணத்தில் ‘வழுவமைதி’ என்கிறோமே, அங்கே பேச்சைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ ஒன்றுமே இல்லை. பிழைபோலத் தெரிவது ஏற்கப்பட்டு அமைந்துவிட்டது என்பதுதான் பொருள்.

இதை நான் பெற்றோரிடம் மெனக்கெட்டு விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. வாய் ஓயாமல் பேசும் குழந்தை உள்ளுக்குள் அமைதியாக இருக்கலாம். ஒரு வார்த்தை பேசாத குழந்தைக்குள் அமைதியே இல்லாமல் இருக்கலாம். பேசாத எல்லோரையும் ‘அமைதி’ என்று சொல்லிவிட்டால், அது பாராட்டுபோல ஒலிப்பதால், யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தப் பெண் குழந்தைக்கு அப்போது ஆறு வயது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பள்ளியில் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘திமிர்’ என்று ஓர் ஆசிரியர் நினைத்தார், ‘கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று இன்னொருவர் சொன்னார். அம்மா தன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். வீட்டில் தம்பிக்கு வாத்தியாராக நின்று, மூச்சு விடாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அதே குழந்தை என் எதிரில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. கையில் கொடுத்த கிரேயானைப் பிடித்த பிடி தளரவே இல்லை, ஆனால் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்க முடியாமல் பள்ளியில் மதியம் முழுக்க அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதற்குச் செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். வீடு மாதிரிச் சில இடங்களில் இயல்பாகப் பேசும் குழந்தை, வேறு சில இடங்களில் தொடர்ந்து பேச முடியாமல் போவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும், பள்ளிக்குப் போகும்போதுதான் வெளியே தெரியும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்துத் தயக்கத்தை இதில் சேர்ப்பதில்லை. அதற்கு அப்புறமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். பள்ளியின் மொழியே குழந்தைக்குப் புதிது என்றால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். காது கேட்பதையும் பேச்சுத்திறனையும் முதலில் பரிசோதித்துவிடுவது நல்லது.

இந்த நிலைக்கு மருத்துவம் வைத்த பெயர்களின் வரலாறே ஒரு பாடம். 1877-இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இதை விவரித்தபோது, ‘தானாக விரும்பிப் பேசாதிருத்தல்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். 1934-இல் மனநல மருத்துவர் மோரிட்ஸ் டிராமர் வைத்த ‘எலெக்டிவ் மியூட்டிசம்’ என்ற பெயரிலும் குழந்தை தேர்ந்தெடுத்துத்தான் பேசாமல் இருக்கிறது என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1994-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ‘எலெக்டிவ்’ என்பதை, சில இடங்களில் மட்டும் என்ற பொருளில், ‘செலக்டிவ்’ என்று மாற்றியது. 2013-இல் அதைப் பதற்றக் கோளாறுகளின் பட்டியலில் சேர்த்தது. வாயடைத்துப்போன குழந்தையை மௌனம் சாதிக்கிற குழந்தையாகப் பார்த்த காலம் நூறு ஆண்டுகளுக்கும் மேல். பெயர் தப்பாக இருந்தால் வைத்தியமும் தப்பாகத்தான் போகும். அடம் என்று நினைத்தால் அதட்டத் தோன்றும். பயம் என்று தெரிந்தால் பயத்தைக் குறைக்கத் தோன்றும்.

அந்தக் குழந்தையிடம் நான் கேள்வியே கேட்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் படம் வரைந்தேன். “இங்கே ஒரு மீன் போடறேன். இதுக்கு நீலம் அடிக்கப் போறேன்” என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன். பதில் எதிர்பார்க்காத பேச்சு அது. நான்காவது சந்திப்பில் பச்சைக் கிரேயானை எடுத்துக்கொண்டு ‘நீலம்’ என்றேன். பக்கத்திலிருந்து காற்றுபோல ஒரு குரல்: “அது பச்சை.” நான் கைதட்டவில்லை, அம்மாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. “ஆமா, பச்சைதான்” என்று சொல்லிவிட்டு நீலத்தைத் தேடினேன். பேசியதைக் கொண்டாடினால் எல்லோர் கண்ணும் குழந்தைமேல் விழும், மறுபடி தொண்டை அடைத்துக்கொள்ளும். அங்கிருந்து அம்மாவோடு வகுப்பறைக்குப் போய், அம்மாவிடம் பேசி, பிறகு ஒரு தோழி, பிறகு ஆசிரியர் என்று படிப்படியாகப் போக ஏழெட்டு மாதம் ஆனது. தாமதமாகத் தொடங்கியிருந்தால் இன்னும் அதிகம் ஆகியிருக்கும்.

இனிப் பெரியவர்கள். கணவன் மனைவிக்குள் நாட்கணக்கில் பேசாமலிருப்பதை ‘சண்டையை வளர்க்காம அமைதியா போயிடறேன்’ என்று சொல்வார்கள். சிலருக்கு அது உண்மையிலேயே தப்பிக்கும் வழி. தம்பதிகளை நீண்ட காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், வாக்குவாதத்தில் சிலர் சுவர்போல இறுகிவிடும்போது அவர்களுடைய இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியிருப்பதைக் கவனித்தார். அப்படியானவர்களுக்கு அவர் சொல்வது குறைந்தது 20 நிமிட இடைவெளி. சரி, இதற்கும் தண்டனையாகப் பேசாமல் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? இடைவெளி எடுப்பவர் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவார். “இப்ப முடியல, சாப்பிட்ட பிறகு பேசலாம்” என்றால் போதும். தண்டிப்பவர் சொல்லமாட்டார். எதிரில் இருப்பவர் கெஞ்சும்வரை அது நீளும். பிள்ளைகளிடம் இதைச் செய்யும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை. அம்மா ஏன் பேசவில்லை என்று புரியாத குழந்தை, கடைசியில் ‘நான் கெட்ட பிள்ளை’ என்ற விடைக்குத்தான் வந்து சேரும்.

‘மௌனம் சம்மதம்’ என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். ‘முடியாது’ என்று சொன்னால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் வேண்டுமானால் அது பொருந்தும். பயத்தில் உடல் ஓடவும் செய்யாமல், எதிர்க்கவும் செய்யாமல் உறைந்துபோவது இயல்பான எதிர்வினை. குரல் எழாது, கை கால் அசையாது. பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர்களில் பலர் என்னிடம் சொல்லி அழுதது நடந்ததைப் பற்றி மட்டுமல்ல, “நான் ஏன் கத்தல?” என்ற கேள்வியைப் பற்றியும்தான். வீட்டில் யாராவது இப்படி ஒன்றைச் சொல்ல வந்தால், “அப்பவே ஏன் சொல்லல?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். “இப்ப சொன்னியே, நல்லது. நான் உன்னை நம்பறேன்” என்று சொல்லுங்கள்.

திடீரென்று வரும் பேச்சின்மை தனி விஷயம். ஒருவருக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை, குழறுகிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வயதானவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்கினால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். உலகில் சுமார் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் கேள்விக்குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதில் குறை இல்லையென்றால் மனச்சோர்வையும் மறதி நோயையும் பார்க்க வேண்டும். நெடுநாள் துயரத்தில் இருந்தவர் காரணமே இல்லாமல் திடீரென அமைதியாகி, பொருட்களை எல்லாம் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

எப்படிக் கேட்பது என்பதைவிட, கேட்டபின் எப்படிக் காத்திருப்பது என்பதைக் கற்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியதும், மாணவர்களின் பதில் நீண்டது, வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள். நான் மனதுக்குள் பத்துவரை எண்ணுவேன். எண்ணி முடித்த பிறகும் இன்னொரு முறை எண்ணுவேன்.

முதலில் சொன்ன அந்தப் பையனுக்குப் பதினேழு வயது. “என்ன ஆச்சு?” என்று வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். என் அறையிலும் அவன் பேசவில்லை. “பேசத் தோணினா பேசு, இல்லேன்னா இப்படியே உட்கார்ந்திருக்கலாம். நேரம் இருக்கு” என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இருபது நிமிடம் போயிருக்கும். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “நான் பேச ஆரம்பிச்சா முழுசா கேப்பீங்களா?” என்றான்.