அப்பாவின் நான்கு வார விடுப்பு: "அப்புறம் எடுத்துக்கோ" என்றால் தலையாட்டாதீர்கள்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் ஒரு தம்பி, மகன் பிறந்த நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டார். "இப்போ ஆள் பத்தல, லீவை அப்புறம் எடுத்துக்கோ" என்றாராம் மேலாளர். சிசேரியன் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பால் புட்டி கழுவுவாள் அவர் மனைவி. ராத்திரி அவர் கதவைத் திறந்ததும் சண்டை. பிள்ளைக்கு ஒரு வயது முடிந்தது, விடுப்பும் காலாவதியானது. ஒரு நாள்கூட எடுக்கவில்லை. அந்தச் சண்டையில் பாதியை மூட்டிவிட்டது அலுவலகம்தான்.

சட்டம் இவ்வளவுதான்: 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த சிங்கப்பூர்க் குடியுரிமைப் பிள்ளையின் அப்பாவுக்கு 4 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, கட்டாயம். வாரத்துக்கு 2,500 வெள்ளிவரை, மசே நிதி (மத்திய சேமநிதி) உட்பட, அரசாங்கம் நிறுவனத்துக்குத் திருப்பித் தந்துவிடும். அதனால் "கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

நீங்களும் முதலாளியும் ஒத்துக்கொண்டால், பிள்ளை பிறந்த 12 மாதத்துக்குள் பிரித்துப் பிரித்து எடுக்கலாம். ஒத்துப்போகவில்லையா? பிறந்த 16 வாரத்துக்குள் நான்கு வாரத்தையும் சேர்த்து எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. "அப்புறம்" என்பது அவர்கள் தனியாக முடிவுசெய்கிற விஷயமே இல்லை. உங்கள் பக்கக் கடமை, நான்கு வாரம் முன்கூட்டியே சொல்வது. ஏழாம் மாதமே பிரசவத் தேதியைப் போட்டு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பேன்ட்ரியில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னதை நாளைக்கு யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது குடியுரிமையில். இங்கே பிறந்தாலே பிள்ளை குடிமகன் ஆகிவிடாது. பெற்றோர் இருவரும் நிரந்தரவாசி என்றாலோ வேலை அனுமதியில் இருந்தாலோ இந்த விடுப்பு கிடையாது. அம்மாவின் மகப்பேறு விடுப்பும் 16 வாரத்துக்குப் பதில் 12தான். பிறந்த 12 மாதத்துக்குள் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்தால் கதவு திறக்கும். ஆனால் அதே 12 மாதத்துக்குள்தான் விடுப்பையும் எடுத்து முடிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது வேலை மாற்றம். பிரசவத்துக்கு முன் அதே முதலாளியிடம் தொடர்ந்து 3 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். மனைவிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது கூடுதல் சம்பளத்துக்காகத் தாவினால் விடுப்பு போச்சு. அதேசமயம் "நீ இன்னும் ப்ரொபேஷன்" என்று சொல்லி மறுப்பது தப்பு. அந்த 3 மாதம்தான் கணக்கு.

இதோடு, பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பும் உண்டு: 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு 10 வாரம், அதற்கு முந்தைய ஓராண்டில் பிறந்தவர்களுக்கு 6. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஆளுக்குப் பாதி. அந்தப் பங்கை மாற்றிக்கொள்ள, பிறந்தபின் 4 வாரம்தான் அவகாசம். அதற்குமேல் முதலாளிகள் சம்மதிக்க வேண்டும். தூக்கமில்லாத அந்த நான்கு வாரத்தில் யாருக்கு நிதானமாகப் பேச வரும்? வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே இருவரும் உட்கார்ந்து முடிவெடுங்கள்.

வேலை நேரத்தை மாற்றிக் கேட்டால், 2 மாதத்துக்குள் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது 2024 டிசம்பர் முதல் நடப்பிலுள்ள வழிகாட்டி. சம்மதித்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. ஆனாலும் கேளுங்கள், எழுத்தில்.

விடுப்பை மறுத்தால் காரணத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, மனிதவள அமைச்சிடம் போங்கள். எல்லாக் கடிதத்தையும் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். வேலையை விட்ட அன்றே அலுவலக மின்னஞ்சலைப் பூட்டிவிடுவார்கள்.