நாய்க்கு ரத்தக்கட்டி என்றால் முதல் வேலை எம்.ஆர்.ஐ. இல்லை

"நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள் டாக்டர், ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டி எங்கே என்று தெரிந்துவிடும்." பின்னங்கால் திடீரென இழுத்துக்கொண்ட நாயோடு வருபவர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். போன வாரம் வந்தவர் ஸ்கேன் கிடைக்கட்டும் என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டார். நாயின் பின்பாதங்கள் சில்லிட்டிருந்தன, தொடையின் உள்பக்கம் நாடியே பிடிபடவில்லை. வயிற்றுப் பெருந்தமனியில் அடைப்பு. அதைக் கண்டுபிடித்தது விரல்களும், ரத்த ஓட்டத்தை ஒலியலையால் கண்டறியும் டாப்ளர் கருவியும்தான்.

எம்.ஆர்.ஐ. உடம்பு முழுவதும் கட்டியைத் தேடித் தரும் கருவி இல்லை. பெரும்பாலும் அது காட்டுவது கட்டியை அல்ல, ரத்தம் கிடைக்காமல் பாதிக்கப்பட்ட திசுவை. மூளை, தண்டுவடம் என்றால் அதற்கு ஈடில்லை. சி.டி. ஸ்கேனில் எதுவுமே தெரியாத ஆரம்ப மணி நேரங்களிலேயே மூளை அடைப்பை எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படம் (திசுவில் நீர் நகர்வதைப் பார்க்கும் வகை) காட்டிவிடும். அடைப்பா, ரத்தக்கசிவா என்றும் பிரித்துச் சொல்லும். ஆனால் நுரையீரல் கட்டிக்குப் பொதுவாக சி.டி. ஆஞ்சியோ (சாயம் செலுத்தி ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்), கால் ரத்தக்குழாய்க்கு அல்ட்ராசவுண்ட். தண்டுவடத்தை அடைப்பது பல நாய்களில் ரத்தக்கட்டியே இல்லை, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டிலிருந்து வந்த குருத்தெலும்புத் துணுக்கு. அதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பயன்படாது.

இன்னொன்று, நாய் அசையாமல் படுக்காது. முழு மயக்கம் கொடுத்தால்தான் படம் எடுக்க முடியும். மூச்சுத் திணறும் நாயை அவசரமாக மயக்கத்தில் ஆழ்த்துவது ஆபத்து. அதனால்தான் முதலில் ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, இதயம் எல்லாம் பார்க்கிறோம். உங்களை அலைக்கழிக்க அல்ல.

கட்டி வந்தது ஏன் என்பதையும் ஸ்கேன் பெரும்பாலும் சொல்லாது. சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய், கார்டிசால் ஹார்மோன் அதிகமாகும் குஷிங் நோய், ரத்தச் சிவப்பணுக்களை உடலே அழிக்கும் நோய், புற்றுநோய் என்று காரணங்கள் பல. சிறுநீர்ப் பரிசோதனையைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.

தலை சாய்ந்து, கண்மணி துடித்து, தள்ளாடும் வயதான நாய்க்கெல்லாம் பக்கவாதம் என்று முடிவு கட்டவேண்டாம். உள்காதுச் சமநிலைக் கோளாறாக இருந்தால் சில நாட்களிலேயே தேற ஆரம்பிக்கும். அதையும் நாங்கள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினை மட்டும் கொடுக்காதீர்கள். உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் அதுவே எமன். கால் இழுத்தால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, நகத்தடி வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ, ஸ்கேனுக்குத் தேதி கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.